பழுப்பை எண்ணுகிறவள்

1.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நர்ஸ் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். இந்தக் கதை அந்தத் தாளிலிருந்து வந்தது. கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

என் உணவுக்குழாயில் புற்றுநோய். அதிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கை ஓர் ஆய்வுக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தச் சம்மதப் படிவத்தின் நகல் அது. மூலையில் ஓர் எண் ஒட்டியிருந்தது. ஆய்வில் எனக்குப் பெயர் கிடையாது, அந்த எண்தான்.

என் எண்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். காரணம் கீழே.)

2.

அதே மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் என் அக்கா வேலை செய்கிறாள். துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடுவாள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்றொரு புரதம் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும் செல்கள் பழுப்பாகும்.* புற்றுச் செல்களில் அந்த ஏற்பி நிறைய இருந்தால் நோய் முரண்டு பிடிக்குமா என்பது ஆய்வின் கேள்வி. பிடிக்கலாம் என்று சந்தேகம். இன்னும் தெரியாது.

மொத்தம் நாற்பத்தெட்டுத் தகடுகள். அக்காவும் ஒரு டாக்டரும் பழுப்புச் செல்களைத் தனித்தனியே எண்ண வேண்டும். எது யாருடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அவற்றில் ஒன்று தம்பியுடையது என்று அக்கா டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எண் தெரியாதவரை பரவாயில்லை என்றாராம்.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. அதனால்தான் அந்த வாக்கியம் அப்படி நிற்கிறது.

* ஒவ்வொரு முறையும் ஒரு நரம்புத் துணுக்கையும் சேர்த்துச் சாயமிடுவாள். அது பழுப்பாகாவிட்டால் சாயம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி.

3.

அக்காவைப் பாத்திரமாக எழுத வரவில்லை. முதல் வரைவில் அழவைத்தேன். அவள் அழுகிறவள் இல்லை. நோய் தெரிந்த அன்று என் சமையலறைக்கு வந்தாள். மிக்ஸியைத் திறந்து பார்த்தாள். இதில் ஈ கூட அரைபடாது என்று சொல்லிவிட்டுப் புதிது வாங்கப் போனாள்.

இரண்டாம் வரைவில் பேசவிட்டேன். பாலில் ஊறிய ரொட்டியை நான் அரைமணி நேரமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சின்ன வயசுல என் பங்கையும் சேத்து முழுங்குவியே, அப்ப இந்த நிதானம் எங்கடா போச்சு?" என்றாள்.

பிறகு ஒரு கிண்ணத்தைக் கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

(இந்த வரியை அடித்துவிடலாம். மனம் வரவில்லை.)

4.

முடிவுகள்.

முதலாவது: என் தகட்டில் பழுப்பு குறைவு, நான் பிழைக்கிறேன். தகடுகள் அப்படியெல்லாம் வாக்குக் கொடுப்பதில்லை.

இன்னொன்று: பழுப்பு அதிகம். நான்

வேறொன்று: என் எண் இந்தக் கதையில் எங்கோ ஒளிந்திருக்கிறது, நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். தேட வேண்டாம். இல்லை.

எனக்கு வேண்டிய முடிவு சின்னது. நாற்பத்தெட்டையும் அக்கா ஒரே மாதிரி எண்ணி முடிக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்த பிறகு யாரோ ஒருவருக்கு அந்தக் கணக்கு உதவலாம். அதில் என் துணுக்கும் இருக்க வேண்டும்.

5.

நேற்று மாலை, இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் முப்பது தகடுகள் முடித்திருந்தாள். நின்றபடியே படித்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். மிக்ஸி புதிதல்ல, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றாள். (மாற்றவில்லை. புதிது என்றே நம்பியிருந்தேன்.) அறுந்து நின்ற முதல் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எது நீன்னு தெரியலடா. அதனால பழுப்பு ஜாஸ்தியா வர்ற எல்லாத்தையும் கொறச்சு எண்ணியிருக்கேன். டாக்டர் எண்ணுனதோட வச்சுப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

நான் எண் ஒட்டியிருந்த தாளை மடித்தேன்.

"நம்பரைச் சொல்லு. மத்த நாப்பத்தேழையும் முதல்லேர்ந்து எண்ணுறேன். உன்னை மட்டும் வெளிய எடுத்து வச்சிடட்டுமா?"