ஹெட்டரில் ஏறாத ஃபங்ஷன்

காளீஸ்வரி பல் துலக்கி முடிப்பதற்குள் சிவசைலம் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். குற்றாலத்துக்கு மேலே, ஒரு தோட்டத்துத் தனியார் அருவியில் வெள்ள அபாயச் சைரனைப் பார்த்துக்கொள்கிறவர். நீர்மட்ட மீட்டரைப் படிக்கும் மென்பொருள் தொகுப்பை, சி மொழி லைப்ரரியை, தென்காசி வீட்டிலிருந்தே எழுதுகிறவள் இவள்.

“நேத்து நீங்க அனுப்புன புதுசைப் போட்டேம்மா. சைரன் புரோகிராம் எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏதோ ஃபங்ஷனைக் காணோம்ங்குது.”

“பழசையே போட்டுக்கிடுங்க அண்ணாச்சி.”

“பழசுக்குப் புது மீட்டர் பிடிபடாதுல்லா. பத்து மணிக்கு கேட்டைத் தொறக்கணும்னு முதலாளி நிக்காரு. கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கு.”

திரையில் பார்த்து அவர் வாசித்த ஃபங்ஷன் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் காது சுட்டது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் ஃபங்ஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாக எழுதியது. “இது யாருக்கு வேணும்?” என்று மேலதிகாரி உமாராணி மேடம் சிரித்ததில், லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று வெளியாருக்குப் பட்டியல் போடும் ஹெட்டர் கோப்பில் அதைச் சேர்க்காமலே விட்டுவிட்டாள். போன வாரம் லைப்ரரியை ஒழுங்குபடுத்தியபோது, எக்ஸ்போர்ட் மேக்ரோ என்ற அடையாளச் சொல் முன்னால் நிற்பவற்றை மட்டும் வெளியே காட்டு, மற்றதையெல்லாம் மறைத்துவிடு என்று கம்பைலருக்கு உத்தரவு போட்டாள். பழைய வெட்கமும் அதோடு ஒழிந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

“ஹெட்டர்லயே இல்லாததை எப்படி எடுத்தீய?”

“லைப்ரரிக்குள்ள தொழாவுனேன், ஆம்புட்டுது. ரெண்டு வருசமா அதை வச்சுத்தான் ஊதுதேன். மட்டத்தை மட்டும் பாத்துக்கிட்டிருந்தா, தெரியும்போது தண்ணி கழுத்துக்கு வந்திரும்லா. போன ஐப்பசில வெள்ளம் வாரதுக்கு மூணு நிமிசம் முந்தி ஊதுச்சு. அத்தனை பேரும் ஈரத்துணியோட மேல ஏறிட்டாங்க. எழுதுன புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.”

வருவது சந்தோஷமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

ஹெட்டரில் ஒன்றை ஏற்றிவிட்டால் பிறகு நினைத்தபடி எடுக்க முடியாது, நம்பி நாலு பேர் வந்துவிடுவார்கள். உமாராணியைக் கேட்காமல் ஆகாது. கூப்பிட்டாள்.

“மேடம், தண்ணி ஏறுற வேகம் சொல்லுத அந்த ஃபங்ஷனை வச்சுத்தான் அருவில சைரனே ஊதுது. அது வெளிய தெரியணும். எத்தனை வருசமானாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

“சரி, டெஸ்ட்டும் சேத்து அனுப்பு. இப்பவே பாக்கேன்.”

ஹெட்டரில் புது வரி. அதன் முன்னால் மேக்ரோவை அடிக்கும்போது இரண்டு தடவை எழுத்துப் பிழை வந்தது. மேடம் பார்த்து முடித்ததும் புது லைப்ரரியை சிவசைலத்துக்கு அனுப்பினாள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு சிவசைலம் போனை வெளியே நீட்டிப் பிடித்தார். அருவி இரைச்சலுக்கு மேல் சைரன் ஒரு தரம் ஊதி ஓய்ந்தது. தகரக் கூரையிலிருந்து குரங்குகள் தடதடவென்று ஓடின. கேட் சங்கிலி அவிழ, கூட்டம் கூவிக்கொண்டு உள்ளே போனது.

“அண்ணாச்சி, அதை எழுதுனது நாந்தான்.”

“என்னம்மா? இரைச்சல்ல கேக்கல!”

காளீஸ்வரி எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.