சேவ் பண்ண வேண்டாமுங்களா?

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வியை எழுதிய மகானுபாவன் நானேதான்.

1997. கணபதி என்ற ஊரில் ஒரு பம்பு கம்பெனி. விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்களை நேரடியாக அழைத்து, சி மொழியில் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. சோதனையில் ஓடும் பம்புகளின் அளவுகளை, அங்கே டெஸ்டிங்கில் இருந்த ரங்கநாயகி அதில் ஏற்றுவாள். மூடும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். மரியாதையாகக் கேட்கட்டுமே என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன்: "சேவ் பண்ண வேண்டாமுங்களா?"

யெஸ் என்றால் வேண்டாம் என்பது என் கணக்கு. 'பின்னே, வேண்டாமா?' என்று அவள் யெஸ்ஸை அமுக்கினாள். நாற்பது பம்புகளின் அளவுகளும் போயின. அளவுத்தாளோடு அந்தப் பம்புகளை ஏற்றிப்போக வாசலில் லாரி நின்றது.

2

(முதல் வரைவு.) "தப்பு என்னுதுங்க!" என்று முதலாளி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நான்

வேண்டாம். அப்படி ஒருவன் அன்று அங்கே இல்லை.

3

முதலாளி வரதராஜுலு கேட்டார்: "மெசினு தப்பா, ஆளு தப்பா? ஆளுன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க மாத்தி அமுத்திப்போட்டேன். பம்பு இங்கதானுங்களே இருக்குது? பொழுதுக்குள்ள மறுக்கா ஓட்டிக் குடுத்தர்றேனுங்க. அப்பறமும் ஊட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க" என்றார் ரங்கநாயகி.

(இதுவரை 'அவள்' என்று எழுதிவிட்டேன். இனி அவர்.)

இருவருமாக ஓட்டினோம். ஆறு மணிக்கு லாரி கிளம்பியது. முதலாளி அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

"ஏனுங்க, என்னயச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"உங்குளுக்கு வேலை இன்னும் பர்மனெண்ட் ஆகலீங்களே. மொதல்ல அந்தக் கேள்விய மாத்துங்க."

4

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது.) நாம் பதில் எழுதாமல் விட்டதையெல்லாம் வாங்கிக்கொள்ள விண்டோஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. கடைசி வரியில் அதைக் கூப்பிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அன்று நான் கூப்பிடக்கூட இல்லை. ரங்கநாயகி தானாகவே வந்தார்.

அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. போன மாதம்தான் அவர் விலாசம் கிடைத்தது. உறை தயார், தபாலில் போடத்தான் கை வரவில்லை.

5

முடிவை நான் எழுதவில்லை. நீங்கள் அமுக்குங்கள். யெஸ்ஸுக்கு இந்த முறை ரங்கநாயகியின் அர்த்தம்தான்.

"இந்தக் கதையை அவருக்கு அனுப்ப வேண்டாமுங்களா?"

[ யெஸ் ]   [ நோ ]