இருபத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்

எங்கள் வீட்டில் குளிக்க வேண்டுமென்றால் நான் அனுமதி கேட்க வேண்டும். குளியலறைதான் என் கணவர் ஜசுவால்தோவின் இருட்டறை. மூன்று வருடமாக எங்கள் பலெர்மோ நகரத் தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார். புகைப்படச் சங்கத்தின் வசந்தக் கண்காட்சிச் சுவரில் இதுவரை ஒரு படம்கூட ஏறவில்லை.

"இந்தத் தடவையும் இல்லன்னா கேமராவை வித்துடுவேன்டி" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சந்தையில் மீன் விற்கும் நுன்சியாவின் எதிரே காலை முழுக்க நின்றுவிட்டு வந்து, நேராக இருட்டறைக்குள் நுழைந்தார். பிலிமைக் கழுவி, முப்பத்தாறு படங்களையும் ஒரே தாளில் தபால்தலை அளவுக்கு அச்சிட்டதும் விஷயம் தெரிந்தது. முதல் இருபத்திரண்டும் கன்னங்கரேல்! அவர் கேமராவில் பார்க்கிற கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு; லென்ஸ் மூடியிருந்தாலும் காட்சி தெரியும். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே மனிதர் ஒரு மணி நேரம் கலை வளர்த்திருக்கிறார்.

இருபத்துமூன்றாவதில் நுன்சியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மீன் செதில் ஒட்டிய விரல் நேராக லென்ஸை நோக்கி நீள்கிறது. படமே சாய்ந்திருந்தது.

"என்னய்யா சொன்னா?"

"'யோவ் போட்டோக்காரரே, மூடியைத் திறந்துட்டு எடுய்யா'ன்னா. சந்தையே சிரிச்சுது."

அதற்குப் பிறகு பதின்மூன்று படங்கள், நேராக, ஒழுங்காக, உயிரில்லாமல். முப்பதாவதை மட்டும் வெட்டிச் சங்கத்துக்கு எடுத்துப்போகக் கத்தரிக்கோலைத் தேடினார். அதை நான் முன்பே ஒளித்து வைத்துவிட்டேன். சங்கத்தில் முழுத் தாளையும்தான் மேஜையில் வைக்க வேண்டும். தப்பையும் காட்டுவதுதான் அங்கே வழக்கம்.

ஞாயிறன்று சங்கத் தலைவர் கலோஜெரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தாளின் மேல் குனிந்து, சிவப்புப் பென்சிலால் இருபத்துமூன்றைச் சுற்றினார்.

"இதை எடுக்கறப்போ என்னப்பா யோசிச்ச?"

"ஒண்ணும் யோசிக்கல. மூடியைக் கழட்டினேன், வெக்கத்துல விரல் அழுத்திடுச்சு."

"மூணு வருஷமா யோசிச்சு யோசிச்சுத்தான் கெடுத்திருக்க. இது போதும். தாளோட மாட்டு."

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்திலேயே முழுத் தாளையும் மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த நுன்சியா கறுப்புக் கட்டங்களை உற்றுப் பார்த்தாள்.

"இதெல்லாமும் நானா?"

"ஆமாம்மா" என்றார் இவர், கூச்சத்துடன்.

"இதுலதான்யா நான் ஒல்லியா இருக்கேன்!"

ஜசுவால்தோ தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். இந்த மூன்று வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. என் கையில் ஒரு கேமரா இல்லையே என்று தவித்துப்போனேன்.