பேய்க்கு அழாத மாப்பிள்ளை

எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்லக் கூடாது என்ற சின்ன விஷயம் மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாமல் போயிற்று. முப்பத்தாறு வயது வரை அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்த வாய்தான் காரணம் என்பது அவன் அக்காவின் கட்சி.

செத்துப்போன கணவன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்காருகிறான். அவள் கண்ணுக்கு அவன் தெரிவதில்லை. இதை ஒரு வருஷமாகத் தொலைக்காட்சியில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. யார் அதிகம் அழுதார்கள் என்று போட்டி வேறு. தையல்காரி தலையணை நனைந்துவிட்டது என்றால், எதிர்வீட்டு வாத்தியார் தனக்கு மெத்தையே நனைந்துவிட்டது என்பார். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அவனுக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சு நடந்த வீட்டிலும் இதே கூத்துதான். பெண்ணின் அப்பா மரச்சாமான் கடை முதலாளி. மாப்பிள்ளையாக வரப்போகிறவன் ஒருநாள் நம்மோடு உட்கார்ந்து தொடரைப் பார்க்கட்டும், அவன் மனசு எப்படி என்று தெரிந்துவிடும் என்று அழைத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பேய், மனைவி தனக்குக் கொடுக்க மறந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் தடவியது. கூடத்தில் எல்லோரும் தேம்பினார்கள். அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அது வெறும் சத்து மாத்திரைங்க. மறந்தா ஒண்ணும் ஆகாது," என்றான்.

மறுநாளே தெருவில் அவனுக்குக் 'கல்லு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலாளி ஆள் அனுப்பினார். பேய்க்கே இரங்காத கல்நெஞ்சுக்காரன் என் பெண்ணுக்கு எங்கே இரங்கப்போகிறான், வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி வருகிறது, அன்றைக்கும் கண் கலங்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

வேறு இடம் அவனுக்கு வேண்டாம். அந்தப் பெண் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சில மாதங்களுக்கு முன், இறந்துபோன பெரியப்பாவின் மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க அவன் கடைக்கு வந்தாள். அட்டைகளை மேஜைமேல் வைத்தவள் அவற்றைத் திரும்பத் திரும்ப நேராக அடுக்கிக்கொண்டே நின்றாள். அந்தப் பெரியவர் மாதாமாதம் அவன் கடைக்கு வந்து, மாத்திரையை விட்டுவிட்டு வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அவன் அட்டைகளை வாங்கிக்கொண்டு ஏதோ எடுப்பதுபோல மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டான். அன்றிலிருந்தே அவனுக்கு அவள்மேல் ஆசை.

அழுகைக்கு என்ன செய்வது என்று யோசித்தவன், கண் வறட்சிக்கு விடும் சொட்டு மருந்தில் ஒரு புட்டியை எடுத்துத் தனியாக வைத்தான். அவனுக்கு வந்த யோசனை மற்றவர்களுக்கு வராமலா இருக்கும்? தையல்காரி வந்தாள், கண்ணில் நூல் தூசி என்றாள். வாத்தியார் வந்தார், சாக்பீஸ் தூசி என்றார். அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. இத்தனை நாளும் தலையணையை நனைத்தவர்களுக்கு, முதலாளி வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து கடைசிப் பகுதி பார்க்க வேண்டும் என்றதும் கண் வறண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கடையில் ஒரு புட்டிகூட மிச்சமில்லை. தனியாக எடுத்து வைத்தது மட்டும்தான் இருந்தது.

அப்போது முதலாளி வந்தார். ஊரில் வேறு எங்குமே கிடைக்காமல்தான் இங்கே வந்திருக்க வேண்டும். மரத்தூள் என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பொய் சொல்லத் தெரிந்த நாக்காக இருந்திருந்தால் இந்தக் கதியே வந்திருக்காதே. தன் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் முதலாளி வீட்டுக் கூடம் தெருக்காரர்களால் நிறைந்துவிட்டது. புதிதாக வாங்கிய பெரிய டிவியை மாட்டுவதற்காகப் பெரியப்பாவின் படத்தைக் கழற்றி, அலமாரி மேல் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருந்தார்கள். பேய் மனைவியிடம் விடைபெற ஆரம்பித்ததும் ஆளாளுக்குத் தலையைக் குனிந்து, முந்தானைக்குள்ளும் கைக்குட்டைக்குள்ளும் என்னவோ செய்தார்கள். நிமிர்ந்தபோது எல்லோருக்கும் தாரை தாரையாக வழிந்தது. மருந்துக்கடைக்காரன் செத்துப்போன தன் அம்மாவை நினைத்துப் பார்த்தான், தன் கல்யாணம் நின்றுபோவதை நினைத்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு சொட்டு வரவில்லை. வியர்வைதான் வந்தது.

தொடர் முடிந்தது. முதலாளி கன்னம் பளபளக்க எழுந்தார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. மனசு இல்லாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்."

அவன் எழுந்து, செருப்பு கிடந்த பக்கம் பார்த்தான்.

"இவர் அழுததை நான் பாத்திருக்கேன்ப்பா," என்றாள் பெண். "பெரியப்பா மாத்திரையைத் திருப்பிக் குடுத்தப்ப அலமாரிக்குப் பின்னாடி போய் அழுதாரு. பெரியப்பா போயிட்டாருன்னு போன் வந்தப்ப நாம என்ன செஞ்சோம்? சீரியல் முடியட்டும்னு சொன்னீங்க. முடிஞ்சப்புறம்தான் கிளம்பினோம்."

முதலாளி முகத்தைத் துடைக்க அவசரமாகக் கைக்குட்டையை உருவினார். அதோடு புட்டியும் வெளியே வந்து விழுந்து, கூடம் முழுக்க உருண்டு, மருந்துக்கடைக்காரனின் காலடியில் நின்றது. தையல்காரி கூரையைப் பார்த்தாள். வாத்தியார் தன் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவன் பழக்க தோஷத்தில் குனிந்து எடுத்தான்.

"மூடியை நல்லா மூடி வைங்க மாமா. திறந்தா ஒரு மாசம்தான் வரும்," என்றான்.

முதலாளி வாங்கிக்கொண்டார். மாமா என்று கூப்பிட்டதை அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணத்தை அடுத்த மாதமே வைத்துக்கொள்ளலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பெண் எழுந்துபோய் அலமாரி மேலிருந்த படத்தை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். டிவியில், இதே பேய் இரண்டாம் பாகத்தில் திரும்பி வரப்போவதாக விளம்பரம் போட்டார்கள். எல்லோரும் சட்டென்று அதைப் பார்க்கத் திரும்பினார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.