வலக்கை வண்டு

தில்லைநாதன் பனையின் தலையை அண்ணாந்து பார்த்தார். ஓலைகளில் வண்டு கடித்த அடையாளம் இருந்தது. மிகவும் அழகாக இருந்தது. ஒவ்வொரு வெட்டும் ஒரே அளவில், கரை பிசிறாமல், விரிந்த ஓலையின் வலது பக்கத்தில் மட்டும் இருந்தது.

மரம் தறிக்க அனுமதி கொடுக்கும், ஊரார் மரக்கந்தோர் என்று சொல்லும் அலுவலகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. கருவண்டு எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குத் தன் வீட்டுக் கிணற்றைப் போலத் தெரியும். அது விரிந்த ஓலையைத் தொடாது. மரத்தின் உச்சிக்குள் இறங்கி, இன்னும் விரியாமல் மடிந்து கிடக்கும் குருத்தைக் குடையும். அந்தக் குருத்து பிறகு விரியும்போது ஒரு ஓட்டை பல ஓட்டையாகி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிசையாகத் தெரியும். கோயில் திருவிழாவுக்குக் கடதாசியை மடித்து வெட்டித் தோரணம் செய்வது போல.

இங்கேயோ வண்டு ஓலை விரியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வலது பக்கம் போய் உட்கார்ந்து, தையல்காரனைப் போல அளவெடுத்துக் கடித்திருந்தது. இப்படியொரு வலக்கை வண்டைத் தில்லைநாதன் தன் சேவையில் கண்டதில்லை.

"பயங்கரச் சேதம் சேர்," என்றான் ஜெனிஸ்ரன். "எனக்கு ராவில நித்திரையே இல்லை."

ஜெனிஸ்ரனின் நித்திரை கெட்டதற்குக் காரணம் வேறு. மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் வீதியில், தாயார் விட்டுப்போன காணியில் தனக்கு விழுந்த பாதியில், அவன் நான்கு அறை கொண்ட விடுதி கட்டியிருந்தான். காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்காகக் கட்டியது. 'கடற்காட்சி விடுதி' என்ற பலகையையும் முதலிலேயே மாட்டிவிட்டான். அறை யன்னலைத் திறந்தால் பதினேழு பனைகள் தெரிந்தன. கடல் அவற்றுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்டது.

அனுமதி இல்லாமல் பனை தறிக்க முடியாது. நோய்ப்பட்ட பனை என்றால் தறிக்கலாம். ஆகவே பனைகளுக்கு நோய் வந்தது.

"சேர்," என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெனிஸ்ரனின் தங்கை நிறஞ்சலா. காணியின் மற்றப் பாதி அவளுடையது. அதில் பன்னிரண்டு தென்னைகள். புருஷன் யோசேப் கடலுக்குப் போக, அவள் ஓலை வெட்டிக் கிடுகு பின்னி மீன்வாடிகளுக்கு விற்பாள். இப்போதும் கையில் பாதி பின்னிய கிடுகு இருந்தது. "மரத்தில ஏறினது வண்டு இல்லை சேர். செவ்வாய்க்கிழமை ஒருத்தன் இடுப்பில கத்தரிக்கோலைச் செருகிக்கொண்டு ஏறினவன். இதில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்."

"சேர், அந்தப் பக்கம் நாய் குரைச்சால் காதில விழுத்தாதேங்கோ," என்றான் ஜெனிஸ்ரன்.

"சேர், அவரிட்டைச் சொல்லுங்கோ, நாய் குரைக்கிறது கள்ளனைக் கண்டாத்தான் எண்டு."

தாயாரின் முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நேரே பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியவற்றை யாராவது மூன்றாம் ஆள் வழியாகவே பேசினார்கள். அன்றைக்கு அந்த ஆள் தில்லைநாதன்.

"நான் பாத்து எழுதுறன்," என்றார் அவர். அரசாங்க உத்தியோகத்தில் முதல் நாளே பழகிக்கொள்ளும் வசனம் இது. சொல்பவரையும் கேட்பவரையும் அது எதற்கும் கட்டுப்படுத்தாது.

படலையடியில் ஜெனிஸ்ரன் ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே முழு அறக்குளா மீன் ஒன்று வெள்ளியாக மினுங்கியது.

தில்லைநாதன் தொடக்கத்தில் தேத்தண்ணி மட்டும் குடித்தவர். பிறகு இளநீர். பிறகு வீட்டுக்கு நாலு தேங்காய். ஒவ்வொன்றும் முந்தியதை விடக் கொஞ்சம்தான் பெரியது என்பதால், எந்த இடத்தில் எல்லை தாண்டினார் என்பது அவருக்கே தெரியாது. ஆனாலும் கொள்கை இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது.

"இல்லைத் தம்பி, வேண்டாம்," என்று பெட்டியை மூடினார். "இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் தொடுறேல்லை."

ஜெனிஸ்ரனின் முகம் விழுந்தது.

"நாளைக்குச் சனி," என்றார் தில்லைநாதன்.

சனிக்கிழமை காலை அடம்பனில் அவர் வீட்டுக்கு அறக்குளா வந்தது. திங்கட்கிழமை அறிக்கை போனது. 'கருவண்டுத் தாக்கம் கடுமையானது. பதினேழு மரங்களும் அகற்றப்பட வேண்டும்.' படிவத்தின் அடியில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது: தறித்த மரங்களின் மிச்சங்களைப் பதினான்கு நாட்களுக்குள் எரிக்க வேண்டும், உத்தியோகத்தர் அதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தில்லைநாதன் அதற்கும் அன்றைக்கே ஒரு சரி போட்டார். இன்னொரு முறை போனால் வேலிக்கு மேலால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு பனைகள் விழுந்தன. மரவியாபாரி வைரம் பாய்ந்த அடித்துண்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான். மென்மையான நுனித்துண்டுகளையும் தலைகளையும் ஜெனிஸ்ரன் தங்கையின் வேலியோரமாக அடுக்கினான். விடுதி யன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரே இடம் அதுதான். மாரி மழை அதை ஊறவைத்தது. கழுதைகள் அதன் ஒதுக்கில் நின்று, தங்களால் இயன்ற எருவையும் போட்டுவிட்டுப் போயின.

கருவண்டு விசித்திரமான குடும்பஸ்தன். பச்சை மரத்தில் அது முட்டை இடாது. உழுத்த மரத்தையும் எருக்கும்பியையும் மோப்பம் பிடித்து வந்து, அதற்குள் முட்டையிடும். புழு அங்கேயே சத்தமில்லாமல் மாதக்கணக்கில் தின்று கொழுத்து, வண்டாகி வெளியே வரும். வந்த பிறகு அதற்கு உழுத்தது பிடிக்காது. பக்கத்திலுள்ள பச்சைக் குருத்துத்தான் வேண்டும். பிள்ளை வளர்ப்பது ஒரு வீட்டில், சாப்பாடு இன்னொரு வீட்டில்.

இவ்வாறாக, அறிக்கையில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்த வண்டுகள் கடைசியில் வந்து சேர்ந்தன.

அடுத்த வருடம், குவியலுக்குள் விரல் பருமனில் வெள்ளைப்புழு கிடக்கிறது என்று நிறஞ்சலா மரக்கந்தோருக்குக் கடிதம் எழுதினாள். கடிதத்தில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை நேராக விழுந்திருந்தது. தில்லைநாதன் அதை வாசித்தார். போய்ப் பார்த்தால் தான் போட்ட சரியைத் தானே பிழையென்று சொல்ல வேண்டும். 'பாத்து எழுதுறன்' என்று நினைத்துக்கொண்டு கோப்புக்குள் வைத்தார்.

அதற்கடுத்த வருடம் குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. கோயிலுக்கு வேண்டிய குருத்தை நிறஞ்சலாவின் தென்னைகள்தான் வருடா வருடம் கொடுக்கும். வெள்ளிக்கிழமை காலை கோயில் விறாந்தையில் பெண்கள் சிலுவை பின்ன உட்கார்ந்தார்கள். நிறஞ்சலா முதல் குருத்தைப் பிரித்தாள். ஓட்டை. இரண்டாவதைப் பிரித்தாள். அதிலும் ஓட்டை. ஒரு பக்கம் இருந்த ஓட்டைக்குச் சோடி மற்றப் பக்கம் இருந்தது.

"என்னடி, உன்ர மரம் தானே தோரணம் வெட்டித் தருது," என்று ஒருத்தி பகிடி விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று தென்னைகள் ஏற்கனவே தலை சரிந்து செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும்.

நிறஞ்சலா குருத்தை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மரக்கந்தோரில் தில்லைநாதனின் மேசையில், அவர் எழுதிக்கொண்டிருந்த கடதாசிக்கு மேலே அதைப் போட்டாள்.

"ரெண்டு பக்கமும் இருக்கு சேர். எண்ணிப் பாருங்கோ. இது கத்தரிக்கோல் இல்லை எண்டு உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை."

தில்லைநாதன் குருத்தைத் தொட்டார். இருபத்துநாலு வருடச் சேவையில் இவ்வளவு நேர்த்தியான சாட்சியை அவர் கண்டதில்லை.

"இருங்கோ, நான் பாத்து எழு..."

"எழுதினது போதும். எழும்பி வாங்கோ."

அவர் எழும்பினார்.

காணிக்குப் போனபோது மூன்று தென்னைகள் மொட்டையாக நின்றன. மற்ற ஒன்பதிலும் புதிய ஓலைகள் கத்தரித்த விசிறி போல விரிந்திருந்தன. தில்லைநாதன் வேலியைச் சுற்றிக் குவியலடிக்குப் போகவும், ஜெனிஸ்ரன் சிரித்த முகத்தோடு ஓடிவந்தான்.

"கர்த்தராப் பாத்து அனுப்பியிருக்கிறார் சேர். நானே உங்களிட்டை வர இருந்தனான். இந்தத் தென்னையளையும் தறிக்க ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. சாப்பாட்டு மேசைக்கு நேரே நிண்டு சூரியன் விழுறதை மறைக்குது. இந்த முறை ஒரு பிரச்சினையும் இல்லை. வண்டு உண்மையாவே இருக்கு."

வேலிக்கு அப்பால் நிறஞ்சலாவின் கை வேலிக் கதியாலை இறுக்கிப் பிடித்தது. "சேர், என்ர மரத்தில கைவைக்க அவர் ஆர் எண்டு கேளுங்கோ."

"நோய்ப்பட்ட மரம் சேர். வைச்சிருந்தா ஊருக்குக் கூடாது எண்டு சொல்லுங்கோ."

"அந்த நோய் வந்தது இந்தக் குப்பையில இருந்து," என்றார் தில்லைநாதன்.

"ஆர் சொன்னது?" ஜெனிஸ்ரன் சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தான். வெயில் படாமல் பத்திரமாகப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தான். "ரெண்டு வருசத்துக்கு முந்தியே இஞ்ச வண்டு இருந்தது. மிச்சமெல்லாம் எரிச்சாச்சு. உங்கட கையெழுத்து, உங்கட சரி. ஆர் கேட்டாலும் இதைத்தானே காட்டுவன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இண்டைக்கு வெள்ளி எண்டு தெரியும் சேர். நாளைக்கு அனுப்புறன்."

தில்லைநாதன் குவியல் பக்கம் திரும்பினார். அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து, உழுத்த துண்டு ஒன்றை ஓங்கிக் கொத்தினார். மரம் கேக்கைப் போலப் பிளந்தது. உள்ளிருந்து வெள்ளைப் புழுக்கள் கொட்டின. வளைந்து, கொழுத்து, வெயிலுக்கு நெளிந்தன. நாற்பத்தொன்று வரை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். இன்னும் முப்பது நாற்பது துண்டுகள் கிடந்தன.

அவருக்குத் திடீரென்று வெட்கமாக இருந்தது. மனிதர்களிடம் அல்ல, அது அவருக்குப் பழகிப்போன வெட்கம். வண்டிடம். செய்யாத குற்றத்தை ஒரு வாயில்லாப் பூச்சியின் தலையில் எழுதி, பிறகு அது வந்து செய்வதற்கு வசதியும் செய்து கொடுத்திருக்கிறார். அன்றைக்கு எழுதியது பொய். இன்றைக்கு அதே வசனத்தை எழுதினால் மெய். அந்த மெய்யை வைத்து இந்தப் பெண்ணின் மிச்ச ஒன்பதையும் தறித்துவிடலாம்.

மண்வெட்டியை வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் இரண்டு பேருக்கும் கேட்க உரத்து வாசித்தார்.

"'இரண்டு வருடங்களுக்கு முன் நான் கொடுத்த அறிக்கை பொய். அன்று பனைகளில் கருவண்டு இருக்கவில்லை. ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டவை என்று தெரிந்துகொண்டே, ஒரு மீனுக்காகக் கையெழுத்திட்டேன். மிச்சங்கள் எரிக்கப்பட்டதாகப் பார்க்காமலே எழுதினேன். முறைப்பாட்டுக் கடிதத்தையும் மறைத்தேன். வண்டு பெருகிய இடம் இந்தக் குவியல். இது இன்றே எரிக்கப்பட வேண்டும். தென்னைகளைத் தறிக்கத் தேவையில்லை.'"

"விசரே சேர் உங்களுக்கு?" ஜெனிஸ்ரன் வெளிறிப்போனான். "உங்கட வேலை போயிடும்."

"போகலாம்."

"பென்சன் போயிடும்."

"அதுவும் போகலாம். நெருப்புப்பெட்டி இருக்கோ?"

"இண்டைக்கு விடுதியில ஆக்கள் நிக்கினம். புகை அடிக்கும்."

"சேர், அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் நிறஞ்சலா, "ரெண்டு வருசம் இந்தக் குப்பை என்ர வேலியோரம் கிடந்துது. அவையள் ரெண்டு மணித்தியாலம் மூக்கைப் பொத்தினா ஒண்டும் ஆகாது எண்டு."

பட்டப்பகலில் குவியல் எரிந்தது. புழுக்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது. விடுதி முகப்பில் நின்ற இரண்டு வெள்ளைக்காரர், ஏதோ திருவிழா என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். ஜெனிஸ்ரன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், தில்லைநாதனைப் பார்த்துத் திட்டவும் முடியாமல், அந்தப் பழைய கடதாசியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

தில்லைநாதன் வேலியருகே வந்தார். கண்கள் புகையில் சிவந்திருந்தன.

"உச்சிக்குள்ள கம்பி விட்டு வண்டை இழுத்து எடுக்க ஆள் அனுப்புறன். ஓலை இடுக்குகளுக்குள்ள உப்பும் மணலும் கலந்து போடுங்கோ. ஒன்பதும் தப்பும்." பிறகு தயங்கினார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை."

"மன்னிப்புக் கோயிலில குடுப்பினம். நான் கிடுகுதான் விக்கிறன்," என்றாள் நிறஞ்சலா. "செத்த மூண்டு மரமும் உங்கட மன்னிப்பில குருத்து விடாது."

தில்லைநாதன் தோள்பையை மாட்டிக்கொண்டார். அவர் திரும்பிப் படலையடிக்குப் போனபோது அவளே மறுபடி கூப்பிட்டாள். குரலில் இளக்கம் இல்லை.

"சேர், கருவண்டு பச்சை மரத்தில பெருகாது. உழுத்ததுக்குள்ளதான் பெருகும். லஞ்சமும் அப்பிடித்தான். எங்கயோ ஒரு கந்தோரில ஒருத்தர்ர நேர்மை உழுத்துப்போய்க் கிடந்தாத்தான் அது முட்டை போடும். ஆனா அது வளர்ந்து வந்து தின்னுறது அவரை இல்லை, பக்கத்தில பச்சையா நிக்கிறவனைத்தான். இதையும் உங்கட படிவத்தில எழுதுங்கோ."

அவர் உண்மையாகவே நின்று, படிவத்தை வெளியே எடுத்து, கடைசி வரிக்குக் கீழே அதையும் எழுதினார்.

மறுநாள் சனிக்கிழமை. அடம்பனில் தில்லைநாதன் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு.