ஹெல்மெட்டுக்குள் மனைவி

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், வீட்டுக்காரரை ஒரு பைக்கிலிருந்து இறக்கத் துப்பில்லாமல் நிற்கிறாளே என்று ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும், அதுவா பெரிசு? நாற்பத்தாறு வயது வரைக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன், அறுநூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். அவர் முழுசாக வீடு திரும்ப வேண்டுமே, அதுதான் அவளுக்கு இருப்புக்கொள்ளாத கவலை.

அவருக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து, அரத்தால் ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே விளக்கு. அப்படிப்பட்ட மனுஷனுக்குத் திடீரென்று என்ன வந்ததோ தெரியவில்லை. போன மாசம் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

"ஊர்ப் பல்லையெல்லாம் கட்டினது போதாதா? உங்க பல்லையும் உடைச்சுக் கட்டிப் பார்க்கணுமா?" என்று கேட்டாள்.

"என் கை என்ன லேசுப்பட்ட கையா? முடி அளவுக்கு ராவத் தெரிஞ்ச கைக்கு முடி அளவுக்கு ஆக்ஸிலேட்டர் திருப்பத் தெரியாதா?"

வண்டி வாங்கப் போன அன்றைக்கு ஷோரூம்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "மழை மோடுல போட்டிருக்கேன் சார், வேகம் அடங்கிக் குழந்தை மாதிரி போகும்" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, "சாஞ்சு திரும்பும்போது மட்டும் முன் பிரேக்கை வெடுக்குனு பிடிச்சிடாதீங்க. முன்சக்கரம் நழுவி வண்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிடுவீங்க" என்றார். நல்ல குழந்தைதான்! அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அவளும் கேட்டுக்கொண்டாள்.

முதல் பாடம் அவளுடைய டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் நடந்தது. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தது. இவர் உடம்பு பின்னால் சாய்ந்தது. விழாமலிருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றினார். பற்றிய வேகத்தில் மணிக்கட்டு இன்னும் முறுக்கிக்கொள்ள, வண்டி இன்னும் பாய்ந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய் முட்டி, அவரைக் கீழே தள்ளிவிட்டுத்தான் நின்றது. காரில் பயந்தவன் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான், வண்டி வேகம் குறையும். இதுவோ பயந்தவனைத்தான் இன்னும் விரட்டுகிறது. இப்படியும் ஒரு வண்டியைச் செய்வார்களா!

"விளையாட்டுக்குத்தான் திருகினேன்" என்று எழுந்து அசடு வழிந்தார் அவர்.

அவளுடைய காரில் பயிற்றுநர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாய் "பிரேக்!" என்று முடிப்பதற்குள் கால் அதை அழுத்திவிடும். பதினாறு வருஷமாக அந்த ஒரு மிதிதான் அவள் தைரியம். இந்த பைக்கில் அவளுக்கு எந்த மிதியும் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கடியில் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், தடுக்கத்தான் முடியவில்லை, கூடவாவது போவோம் என்று முடிவெடுத்தாள். ஹெல்மெட்டுக்குள் பொருத்துகிற, மைக்கோடு கூடிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி அவருடைய போனோடு இணைத்தாள்.

"நான் கார்ல பின்னாடியே வருவேன். நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்யணும். அறுபதுக்கு மேல போகக் கூடாது."

"சரிங்க மேடம்" என்றார் அவர், அவளிடம் படிக்கிறவர்களைப் போலவே கைகட்டி. "வீட்டுக்குள்ளதான் உன் பேச்சுன்னு நினைச்சேன், இனிமே மண்டைக்குள்ளயுமா?"

கிண்டல் ஒருபக்கம் இருந்தாலும், சொன்னபடி கேட்டார். மூன்று வாரம் விடியற்காலையில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். கியரைக் குறைங்க என்றால் குறைப்பார், நில்லுங்க என்றால் அந்த நொடியே நிற்பார். யோசிக்கவே மாட்டார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, குன்றைச் சுற்றிப் போகும் சாலைக்குப் போகலாம் என்றார். அவளுக்கு மனசே இல்லை. "வேணாங்க, இன்னும் ஒரு மாசம் போகட்டும்" என்றாள். அவர் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

காலை ஏழு மணி, சாலை காலியாகக் கிடந்தது. முதல் இரண்டு வளைவுகளை நன்றாகவே எடுத்தார். பின்னாலேயே காரில் வந்த அவள் கண்கொத்திப் பாம்பாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகம் எவ்வளவு?"

"அறுபது."

அவளுடைய காரில் முள் எழுபதைத் தாண்டியிருந்தது. "பொய் சொல்லாதீங்க, குறைங்க!"

"நான் ஒண்ணும் பண்ணலடி, தொட்டாலே போகுது!" அந்தக் குரலில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மூன்றாவது வளைவு. அவர் சாய்ந்தார், வண்டியும் அழகாகச் சாய்ந்தது. அதே நேரம் எதிரே ஒரு லாரி திரும்பி வந்தது. பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அவருடைய தலை லாரியின் சக்கரத்துக்குள்ளேயே போவது போலிருந்தது.

"பிரேக்! பிரேக்!"

அவர் யோசிக்கவில்லை, அவள் சொன்னதை அப்படியே செய்தார். முன்சக்கரம் சட்டென்று நழுவியது. பைக் தார்ச்சாலையில் தீப்பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டு ஒரு பக்கம் போனது. அவர் உருண்டு போய் ஓரத்துப் புல்லில் விழுந்தார்.

காரை எங்கே நிறுத்தினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. "ஏங்க! ஏங்க!" என்று அலறிக்கொண்டு போய்க் குனிந்தால், ஹெல்மெட்டுக்குள் கண் திறந்திருந்தது. "பல்லு இருக்குதா பாரு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிலையிலும் அவரை நாலு அறை வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் ஓடி வந்தார். விழுந்தவரைக் காரில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தார். கதவைச் சாத்திய பிறகு அவளிடம் மெல்லச் சொன்னார். "நல்லாத்தாம்மா திரும்பினாரு. கோட்டைத் தாண்டி என் பக்கம் வரவே இல்லை. சும்மா விட்டிருந்தா போயிருப்பாரு. நடுவுல எதுக்கு பிரேக்கைப் பிடிச்சாருன்னுதான் புரியலை."

அவளுக்குப் புரிந்தது.

வலது மணிக்கட்டு முறிவு, தோளெலும்பில் விரிசல். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார முடிந்ததா? எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள், தண்ணீர் பாட்டிலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு மாற்றினாள்.

ஊசி போட வந்த நர்ஸிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எம் பொண்டாட்டி மட்டும் பிரேக்னு கத்தலேன்னா லாரிக்கடியில போயிருப்பேன். அவதான் காப்பாத்தினா." வெளியூரில் படிக்கும் மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். அவளிடமும் அதே பேச்சு. "உங்கம்மாவாலதான் உயிரோட இருக்கேன்." பக்கத்துக் கட்டில்காரர் வேறு அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டார். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நர்ஸ் போனதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"வித்துடு அதை. வந்த விலைக்குத் தள்ளிவிடு."

இந்த வார்த்தைக்குத்தானே அவள் ஒரு மாசமாகத் தவம் கிடந்தாள்! சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"எனக்கெல்லாம் வராது" என்றார் அவர் சுவரிடம். "ஒரு வளைவு திரும்பத் தெரியலை. நாற்காலியில உக்காந்து பல்லு ராவறவன், ராவிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான். எந்த நெனப்புல வாங்கினேனோ." குரல் உடைந்தது. இருபத்துமூன்று வருஷ வாழ்க்கையில் அவர் இப்படித் தன்னைத்தானே மட்டமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

சும்மா இருந்துவிடு என்றது ஒரு மனசு. பைக் போகும், ஆள் இருப்பார், அதைவிட உனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. தேவையில்லாத இடத்தில் அவள் பிரேக்கை அழுத்தி வண்டி குலுங்கினால், உடனே சொல்லிவிடுவாள்: அது என் தப்பு, உங்க தப்பில்ல. சொல்லாவிட்டால் அந்த ஆள் அந்த இடத்தில் காலத்துக்கும் பயப்படுவார். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னவள், இவரிடம் மறைப்பதா? நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"ஏங்க, இங்க திரும்புங்க. நான் உங்களைக் காப்பாத்தலை. நான்தான் தள்ளிவிட்டேன்."

அவர் மெல்லத் திரும்பினார்.

"சாஞ்சு திரும்பும்போது முன் பிரேக்கை வெடுக்குனு பிடிக்கக் கூடாதுன்னு ஷோரூம்காரர் சொன்னாரே. நானும்தானே கேட்டேன். லாரியைப் பார்த்ததும் புத்தி போயிடுச்சு, கார்ல கத்தற மாதிரி கத்திட்டேன். லாரி அது பாட்டுக்கு அதோட பக்கம்தான் வந்துச்சு. நீங்க நல்லாத்தான் திரும்பிக்கிட்டு இருந்தீங்க." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அதுக்காக அந்த வண்டி உங்களுக்குச் சரியா வரும்னு சொல்லலை. எழுபதைத் தாண்டிப் போறதுகூட உங்களுக்குத் தெரியலை. யாரு எது கத்தினாலும் கை தானா பிடிச்சிடுது. இன்னைக்கு நான் கத்தினேன், நாளைக்கு ஒரு ஹாரன் கத்தும். புரியுதா? நான் சொல்றது கேக்குதா?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்து நன்றாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் வலியில் முகம் சுளித்தது, ஆனால் கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அழுதுகொண்டிருக்கிற பெண்டாட்டியின் கையை இடது கையால் ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ, நான் திரும்பிட்டேன்னு சொல்றே?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். அவர் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி, அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"இது சேர எத்தனை வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு?"