ஏரிமேட்டில் ஒரு வீடு கிழக்கே போனது

ஏப்ரல் மூன்றாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை, கனகம் காலை ஷிப்ட் முடிந்து வருவதற்குள், ஏரிமேட்டில் இருந்த அவள் வீடு கிழக்குப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் போட்டுவிட்டுப் போன கோலத்தில் பாதி, படிக்கு அடியில் போயிருந்தது. பின்பக்கம் துவைக்கிற கல் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. சுவரில் விரிசல் இல்லை, மாவுப் பாத்திரம் தளும்பவில்லை. தனக்குத்தான் கண் பிசகிவிட்டது என்று நினைத்து, மறுநாள் கோலத்தை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். அன்று மதியம் அதிலும் பாதியைக் காணோம்.

வீடு முதலில் நகர்ந்ததற்கு முந்தின நாள்தான் அவள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். விஷயம் இதுதான். வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகள் பெருகப் பெருக, ஊருக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளும் பெருகி, ஒன்பதாம் வகுப்பில் ஒரே அறையில் எழுபத்து நாலு பேர் உட்கார்ந்தார்கள். மேற்கே நாலரைக் கிலோமீட்டரில், ஆறுவழிச் சாலைக்கு அந்தப் புறம் இருந்த இன்னொரு பள்ளியிலோ அதே வகுப்பில் பத்தொன்பது பேர். நாலு அறைகள் பூட்டியே கிடந்தன. கல்வி அலுவலர் இராமச்சந்திரன் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கிழக்கே உள்ள வீட்டுப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கு, மேற்கே உள்ளவர்கள் சாலையைத் தாண்டி. அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த எழுபத்து நாலு பேர் அறையில் மார்ச் மாத வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர். ஆனால் கோடு ஏரிமேட்டை நடுவில் அறுத்துக்கொண்டு போனது. கனகத்தின் வீடு மேற்குப் பக்கம் விழுந்தது. அவள் வாசலிலிருந்து கோட்டுக்கு நாற்பத்தெட்டு அடி.

அவள் மகள் மதிவதனி ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள். ஆறுவழிச் சாலையில் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. கம்பெனி பஸ் ஓட்டுகிற கனகத்தின் கணவன் சுபாஷுக்கு அது நன்றாகத் தெரியும். "ஒரு வருசம் வூட்ல இருக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றான். பயத்தில் சொன்னதுதான். ஆனால் கனகத்தையும் எட்டாவதோடு நிறுத்தியபோது அவள் அப்பா இதே சொல்லைத்தான் சொன்னார். அந்த 'அப்பால' இருபத்து மூன்று வருஷமாகியும் வரவில்லை. ஒயரிங் கம்பெனியில் ஒன்பது வருஷமாக அவள் கான்ட்ராக்ட் ஆள்தான். கலர் பார்த்து ஒயர் பிரிப்பதில் அந்த லைனிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் நிரந்தரமாக்கும் பட்டியல் வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் பத்தாவது சர்ட்டிபிகேட் கேட்பார். அவள் லைனுக்குத் திரும்பிவிடுவாள்.

வீடு ஒரு நாளைக்கு ஒரு முழம் வீதம் போனது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை. போகிறபோது யாரும் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் போயிருக்கும். அது விட்டுப்போன இடத்தில் மண் ஈரமாக, வெளுப்பாக இருந்தது. சுபாஷ் அங்கே பைக்கை நிறுத்திக்கொண்டான். வாரம் ஒருமுறை லைன்மேன் மோகன் வந்து மின்கம்பத்து ஒயரை நீட்டிக் கொடுத்தார். ஆறாவது நாள் வீடு தெருவில் இறங்கியது. தண்ணீர் லாரிக்காரர் இரண்டு நாள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

தெருவைத் தாண்டியதும் அமலாவின் மதில் வந்தது. கனகமும் அமலாவும் சாக்கடைத் தண்ணீர் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். அந்த மதிலே கனகத்தின் வீடு கண்ணில் படக்கூடாது என்று எழுப்பியதுதான். இருபதாவது நாள் வீட்டுப்படி மதிலில் முட்டி நின்றது. இருபத்தொன்றாவது நாளும் அங்கேயே நின்றது. வீட்டுக்குள் நிற்பவர்களுக்குக் கப்பலில் நிற்கிற மாதிரி காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. கனகம் ஒரு தூக்கு நிறையப் பாயசம் எடுத்துக்கொண்டு போய் அமலாவின் வாசலில் நின்றாள்.

அமலா தூக்கை வாங்கவில்லை. "ஆறு வருசமா உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப உன் வூடே வந்து என் மூஞ்சில முழிக்குது" என்றாள்.

"நான் இன்னா தள்ளிக்கினா வந்தேன்? அதுவா வருது அமலா."

"எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியாதா?" அமலா மதில் பக்கம் திரும்பினாள். அவள் பெரிய பெண், இந்தக் கோடு வருவதற்கு முன்பே பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காமல், சாலைக்கு அந்தப் புறத்துப் பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் லாரி சைக்கிளை உரசிவிட்டுப் போனது. காயம் ஆறிவிட்டது, படிப்பு நின்றது நின்றதுதான். இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் பத்து மணி நேரம் நிற்கிறாள். "எம் பொண்ணு ஒருத்தி போதும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, தான் கட்டிய மதிலைத் தானே இடித்தாள். கனகம் செங்கல்லை எடுத்து அடுக்கினாள். வேலை முடிந்த பிறகு இரண்டு பேரும் அந்தச் செங்கல்மேலேயே உட்கார்ந்து பாயசத்தைக் குடித்தார்கள். மறுநாள் வீடு இரண்டு முழம் நகர்ந்து, நின்ற கணக்கைச் சரிசெய்துகொண்டது.

நாற்பதாவது நாள் வீட்டில் பாதி கோட்டைத் தாண்டியிருந்தது. நாற்பத்தொன்றாவது நாள் நகரவில்லை. பள்ளி திறக்க மூன்று நாள்தான் இருந்தது. கனகம் பின்சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள், அழுதாள், மறுபடி தள்ளினாள். மதிவதனி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "வுடும்மா. பாவம், அது இவ்ளோ தூரம் வந்துச்சே."

மறுநாள் கனகத்தின் மனுவை விசாரிக்க இராமச்சந்திரன் அளவு நாடாவோடு வந்தார். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். அது அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் போனது. அவர் இரண்டு தடவை அளந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "பேப்பர்ல போட்ட ஒரு கோட்டுக்காக வீடே எழுந்து வரும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். பிறகு தன் உத்தரவைத் தானே எடுத்துப் படித்தார். பிள்ளை எந்த வாசலிலிருந்து பள்ளிக்குப் புறப்படுகிறதோ அந்த வாசல் இருக்கும் பகுதிக்கு உரிய பள்ளி என்றுதான் அதில் இருந்தது. தலைவாசல் கிழக்கே இருந்தது. மதிவதனிக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பள்ளி திறந்த அன்று காலை எட்டரைக்குப் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டு மதிவதனி திறந்தாள். மேற்குப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பத்துப் பேர் சீருடையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அமலா. "உத்தரவுல வாசல்னுதானே போட்டுகீது? வழி வுடு" என்றாள். பத்துப் பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி வழியாக நுழைந்து, சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டி, தலைவாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மதிவதனியோடு பள்ளிக்குப் போனார்கள். இராமச்சந்திரன் உத்தரவைத் திருத்தவில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த கிராம சேவை மையக் கட்டடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இன்னொரு பிரிவு தொடங்கி, சாலைப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை மாற்றிக் கொடுத்தார். அதற்காக மேலிடத்தில் விளக்கம் எழுத வேண்டி வந்தது. எழுதினார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கனகத்தின் வீட்டுக்கு இப்போது இரண்டு கதவு எண்கள். காலை எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரைக்கும் சுபாஷ் அடுப்படிப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, நடுத்தெருவைத் தாண்டி அடுத்தவர் மனையில் நிற்கிற அந்த வீட்டைக் காட்டி விசாரித்தால், "அதா? பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போற வழி" என்று சொல்லிவிட்டு ஏரிமேட்டுக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.